இடது கை முந்த வேண்டும்

ஜனவரி 20, ஞாயிறு

பனி. கொளவாய் ஏரி இருக்கிற இடமே தெரியவில்லை. ரயில்வே மைதானத்துக்குப் பாதிப் பேர்தான் வந்தார்கள். மீதிப் பேருக்கு இன்னும் பொங்கல் முடியவில்லை போலிருக்கிறது. அடுத்த மாதக் கடைசியில் மெட்ராஸிலிருந்து ஓர் அணி நம்மோடு பேஸ்பால் ஆட வருகிறது. செங்கல்பட்டில் முக்கால்வாசிப் பேர் இதைப் பெரிய கிட்டிப்புள் என்றுதான் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

இன்று இடது கைப் பயிற்சி. டிரில் மாஸ்டர் படிப்பின்போது ஓர் அமெரிக்கத் துரை சொல்லிக் கொடுத்தது. வலது கைக்காரன் நிற்கும்போது பந்துக்கு முன்னால் இருப்பது இடது கை. அதுதான் முந்த வேண்டும். மட்டையின் அடிக்குமிழைப் பந்தை நோக்கி இழுக்க வேண்டும். முழங்கை சற்றே மடங்கி உடம்பை ஒட்டி இருக்க வேண்டும். விறைத்து நீட்டினால் மட்டை ஊரைச் சுற்றிக்கொண்டு வரும். அதற்குள் பந்து போய்விடும். வலது கை கடைசியில் வந்து சேர்ந்தால் போதும். எல்லோருக்கும் அதுதான் அவசரப்படுகிறது. சோறு தின்கிற கை, எழுதுகிற கை. அதிகாரம் பண்ணியே பழக்கம்.

ஆளுக்கு ஆள் இடது கையால் மட்டும் வீசச் சொன்னேன். யாருக்கும் சரியாக வரவில்லை. நானே வீசிக் காட்டினேன். மட்டை பறந்து போய்க் கண்ணப்பன் காலடியில் விழுந்தது.

"இன்னா வாத்தியாரே, என் கால ஒடைக்கப் பாத்தியா?" அவன் லோகோ ஷெட் பிட்டர்; குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

பனியில் கை வழுக்கிவிட்டது என்றேன். கை காய்ந்துதான் இருந்தது. பிடி விட்டதே தெரியவில்லை. மட்டை காற்றில் போவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த ஞாயிறு மகாபலிபுரம். விசாலத்துக்கு: நார்த்தங்காய், பூண்டு, வெள்ளைத் துணி. சீமந்தம் முடிந்து தாய் வீடு போனதிலிருந்து சமையல் என் கையில். ரசம் இன்றும் புளிப்பு.


ஜனவரி 23, புதன்

பள்ளிக்கூடம் விட்டபிறகு தனியாக வீசிப் பார்த்தேன். குமிழைப் பிடிக்க வேண்டியவை சுண்டு விரலும் மோதிர விரலும். இரண்டும் சும்மா கூட இருக்கின்றன. கல்யாணத்துக்கு வந்துவிட்டு வேலை செய்யாத உறவுக்காரர்கள் மாதிரி.

சட்டைப் பொத்தான் போட நேரமாகிறது. இதுவும் இன்றுதான் உறைத்தது.

ஸ்டேஷன் பக்கம் காபி கிளப். கண்ணப்பன் எதிரில். டம்ளரை வைத்ததும் என் இடது கையைப் பிடித்துத் திருப்பினான். சுண்டு விரல் ஓரத்தில் கொப்புளம்.

"எப்ப சுட்டுகினே?"

தெரியாது.

சட்டைக் கையை மேலே தள்ளினான். முழங்கைக்குக் கீழே வெளுத்த திட்டு. தேமல், தீபாவளிக்கு முன்பே வந்தது, குப்பைமேனி பூசுகிறேன் என்றேன்.

"வலிக்குதா?"

"என்னது?"

"கிள்ளிகினு கீறேன் வாத்தியாரே."

குனிந்து பார்த்தேன். அவன் நகம் தோலில் பதிந்திருந்தது. கையை மெதுவாக விட்டான். காபிக்கு அவனே காசு கொடுத்தான். வெளியே வந்து வெகுநேரம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு, "வெள்ளிக்கெழம லீவு போடு. நானும் கூட வரேன்."

எங்கே என்று நான் கேட்கவில்லை. தோல் மரத்துப்போனால் எந்த ஆஸ்பத்திரி என்று இந்த ஊரில் யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.


ஜனவரி 25, வெள்ளி

நல்ல வெயில். ஆஸ்பத்திரி வாசலில் பெரிய புளியமரம். வரிசையில் நிற்கும்போது முகத்தைத் துண்டால் மூடிக்கொள்ளலாமா என்று தோன்றியது. மூடவில்லை. கண்ணப்பன் கூடவே நின்றான்.

டாக்டர் சின்ன வயதுக்காரர். கண்ணை மூடச் சொல்லி இறகால் தடவினார். எங்கே தொடுகிறேன், விரலால் காட்டுங்கள் என்றார். சில இடங்களில் காட்டினேன். சில இடங்களில், "இப்போது?" என்று அவர் கேட்ட பிறகுதான் தொட்டிருக்கிறார் என்றே தெரிந்தது. முழங்கை எலும்பின் பின்னால் நரம்பைத் தடவிப் பார்த்தார். கயிறு மாதிரி தடித்துவிட்டதாம்.

எதனால் முதலில் சந்தேகம் வந்தது என்று கேட்டார். பேஸ்பால் மட்டை என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

குஷ்டம். எழுதிவிட்டேன்.

"உங்களுது அடுத்தவங்களுக்குப் பரவுற வகை இல்ல. மாத்திரைய நிறுத்தாம சாப்பிடணும். வேலைக்குப் போகலாம், குடும்பத்தோட இருக்கலாம்."

"விரலு?"

"போன பலம் திரும்புமான்னு சொல்ல முடியாது சார். இருக்கறதக் காப்பாத்தலாம்."

குழந்தை பிறக்கப் போகிறது என்றேன். தூக்கலாமா?

"தாராளமா தூக்கலாம்."

திரும்பும்போது பஸ்ஸில் கண்ணப்பன் என் இடது பக்கமாகவே உட்கார்ந்தான். ஒட்டி உட்கார்ந்தான். வழி முழுக்க ஷெட்டில் கெட்டுப்போன ஓர் எஞ்சினைப் பற்றியே பேசினான். ஒரு சொல்லும் மனதில் நிற்கவில்லை. அவன் பேசிக்கொண்டிருந்தது நன்றாக இருந்தது.


ஜனவரி 27, ஞாயிறு

மகாபலிபுரம். கடலில் நல்ல காற்று. மாமா சவுக்குத் தோப்பில் வெட்டு நடக்கிறது, வண்டி வண்டியாக விறகு மெட்ராஸுக்குப் போகிறது. அத்தை வஞ்சிரம் வறுத்திருந்தார்கள். எதுவும் இறங்கவில்லை.

சாயங்காலம் விசாலத்தை மணல் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். வயிறு நன்றாகத் தெரிகிறது. நடக்கும்போது இடுப்பில் கை வைத்துக்கொள்கிறாள்.

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை. பாதியில் மட்டையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். இடது கை இழுக்க வேண்டும், முழங்கை மடங்க வேண்டும் என்று. அவள் எல்லாவற்றையும் கேட்டாள்.

"எந்த எடம்?"

காட்டினேன். தொடவில்லை. பார்த்தாள்.

"எனக்கும் வந்துகீதா?"

இல்லை, பரவாத வகை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன்.

"டாக்டரு சொல்லுவாரு."

உட்கார்ந்திருந்தவள் எழுந்தபோது கை கொடுக்கப் போனேன். வலது கைதான். அதற்குள் மணலில் கை ஊன்றித் தானே எழுந்துவிட்டாள். பிடிக்க மனமில்லையா, நான் தாமதமா, தெரியவில்லை.

நார்த்தங்காயை மறந்து திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.


பிப்ரவரி 3, ஞாயிறு

பனி குறைந்துவிட்டது. ஆட்டத்திலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று கண்ணப்பனிடம் சொன்னேன். யோசித்தான்.

"ரெண்டு கையில முன்கை... தூ, முன்னால நிக்கிற கைதான முக்கியம்?"

"ஆமாம்."

"அப்ப திரும்பி நில்லேன். வலது கை முன்னால வரட்டும். இடது கை சும்மா ஒட்டிகினு வரட்டும்."

எனக்குத் தோன்றவில்லை. இத்தனை வருடம் சொல்லிக் கொடுத்தவனுக்குத் தோன்றவில்லை.

திரும்பி நின்றேன். உலகமே இடம் மாறிய மாதிரி இருந்தது. பந்து வேறு ஏதோ ஊரிலிருந்து வருகிறது. கால்கள் சண்டை போட்டன. முதல் பந்துகள் எல்லாம் காற்று. வலது கைக்கு இழுக்கத் தெரியவில்லை, தள்ளத்தான் தெரிகிறது. அதட்டி அதட்டி அடக்க வேண்டியிருக்கிறது.

கடைசியில் ஒன்று பட்டது. ஏரிக்கரைப் பக்கம் போயிற்று. சத்தமே வேறு.

மாத்திரை சாப்பிட்டால் வாய் கசக்கிறது.


பிப்ரவரி 17, ஞாயிறு

சென்ற வாரம் மகாபலிபுரம் போகவில்லை. "ஆட்டம் முடிஞ்சே வரட்டும்" என்று விசாலம் விறகு வண்டிக்காரரிடம் சொல்லியனுப்பினாள். அவளே சொன்னதா, அவள் அப்பா சொல்லச் சொன்னதா?

பயிற்சி நன்றாக இருந்தது. வலது முழங்கை ஒட்டி வருகிறது. வேட்டி துவைத்தேன். கண்ணப்பன் வீட்டிலிருந்து கருவாட்டுக் குழம்பு வந்தது. பாத்திரத்தைத் திருப்பித் தர வேண்டாம் என்று சொல்லியனுப்பினாளாம் அவன் மனைவி. பித்தளைத் தூக்கு. புதிது.


பிப்ரவரி 24, ஞாயிறு

ஆட்டம். வெயில் ஏறுமுன் தொடங்கியது. கூட்டம் நிறைய. "ஓடு, ஓடு" என்று எதற்கெடுத்தாலும் கத்தினார்கள். மெட்ராஸ்காரர்கள் எல்லோரும் தொப்பி போட்டிருந்தார்கள்.

என் முறை வந்தபோது திரும்பி நின்றேன். பந்து போடுகிறவன் ஒரு நிமிஷம் குழம்பிவிட்டான். இரண்டு பந்து விட்டேன். மூன்றாவது உள்ளே வந்தது. வலது கை இழுத்தது. முழங்கை மடங்கி, ஒட்டி, அப்படியே. கையில் அதிர்வே இல்லை. நடு மட்டையில் பட்டால் அப்படித்தான் இருக்கும். நான்கு மூலை சுற்ற வேண்டிய ஆட்டத்தில் இரண்டாம் மூலைவரை ஓடினேன். கத்தினேன் போலிருக்கிறது. தொண்டை கட்டியிருக்கிறது.

திரும்பிப் பார்த்தேன். மட்டை நான் போட்ட இடத்திலேயே கிடந்தது. அடுத்து ஆட வேண்டியவன் தபால் ஆபீஸ் நடராஜன். அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். குனியவில்லை. ஆஸ்பத்திரி வரிசையில் என்னை யாரோ பார்த்திருக்க வேண்டும். நம்மவர்கள் எல்லோரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெட்ராஸ்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னப்பா, ஆடலையா?"

கண்ணப்பன் வந்து மட்டையை எடுத்தான். சட்டையைக் கழற்றிப் பிடியை அழுத்தித் துடைத்தான். நடராஜனிடம் நீட்டினான். அதன்பிறகுதான் நடராஜன் வாங்கிக்கொண்டான்.

கண்ணப்பன் நல்லதற்குத்தான் செய்தான். ஆனாலும் துடைத்துத்தான் கொடுத்தான்.

இரண்டாம் மூலையில் நின்றுகொண்டே இருந்தேன். அங்கிருந்து எங்கே போவது என்று தெரியவில்லை. நடராஜன் அவுட். ஜெயித்தோமா தோற்றோமா, கேட்கவில்லை.


பிப்ரவரி 26, செவ்வாய்

எச்.எம். கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொன்னார். டாக்டர் சான்றிதழை இரண்டு தடவை படித்தார். "எனக்கு நம்பிக்கை இருக்கு. பெத்தவங்க வந்து வாசல்ல நிக்கறாங்க. நான் என்ன செய்யட்டும்? நீண்ட லீவுல போங்க, பாக்கலாம்." அவர் கண் கலங்கியிருந்தது. எழுந்தபோது கும்பிட்டார். வழக்கமாகக் கை குலுக்குவார்.

விசிலைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். பள்ளிக்கூடத்து விசில். திருப்பிக் கொடுத்தால் என்ன செய்வார்கள்.


மார்ச் 3, ஞாயிறு

மாமா வந்தார். உள்ளே வரவில்லை. வேப்பமரத்தடியிலேயே நின்றார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்க வாயெடுத்து விட்டுவிட்டேன்.

"மாப்ள, கோச்சுக்கக் கூடாது. கொழந்த நம்ம வூட்லயே வளரட்டும். பணங்காசு ஒண்ணும் வோணாம். நீங்க வந்துபோயிகினு இருந்தா, நாலு பேரு... எனக்கு இன்னும் ஒரு பொண்ணு கீது."

"விசாலம் என்ன சொல்றா?"

துண்டால் முகத்தைத் துடைத்தார். அவரும் கெட்டவர் இல்லை. கல்யாணத்தன்று என்னைத் தோளில் கை போட்டுக் கூட்டிப்போய் ஊர் முழுக்கக் காட்டியவர்.

அவர் போனபிறகு எதுவும் செய்யவில்லை. மாத்திரை சாப்பிட்டேன்.


மார்ச் 27, புதன்

வெக்கை. கண்ணப்பன் மகாபலிபுரம் போய்விட்டு நேரே இங்கே வந்தான்.

"பொண்ணு! நல்லா கீது. உன்ன மாதிரியே நெத்தி."

"நீ பாத்தியா?"

"வாசல்லேர்ந்து பாத்தேன்."

"விசாலம்?"

"நல்லாகீது. ஒன்ன கேட்டுச்சு. கை எப்பிடி கீதுன்னு கேட்டுச்சு."

கை எப்படி இருக்கிறது. திட்டு கொஞ்சம் மங்கியிருக்கிறது. சுண்டு விரல் உள்ளே மடங்கத் தொடங்கியிருக்கிறது. டாக்டர் தினமும் நீட்டி நீட்டிப் பயிற்சி செய்யச் சொல்கிறார். எண்ணெய் தேய்த்து, தொடைமேல் வைத்து, மெதுவாக. ஊருக்கெல்லாம் டிரில் சொன்னவன் ஒரு விரலுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்க மாட்டேன் என்கிறது.

கண்ணப்பன் சர்க்கரை வாங்கி வந்திருந்தான். நானே அவன் வாயில் போடப் போனேன். நிறுத்திக்கொண்டேன். அவன் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தான். போட்டேன்.


ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப் பிறப்பு. காலை பஸ்ஸில் மகாபலிபுரம். வீட்டுக்குப் போகவில்லை. எல்லோரும் கோயிலுக்குப் போகும் நேரத்தில் தோப்புக்கு அப்பால் மணலில் இருக்கச் சொல்லிக் கண்ணப்பனிடம் விசாலம் சொல்லியிருந்தாள். வெயில் சுட்டது. வர மாட்டாள் என்றே நினைத்தேன். சவுக்கு வெட்டிய இடத்தில் நிழலே இல்லை.

வந்தாள். தலைக்குத் துண்டு கட்டியிருந்தாள். இளைத்துவிட்டாள். மூச்சு வாங்கியது. குழந்தையை மார்போடு மூடியிருந்தாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா தெரியட்டும்."

பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்சம் இடம் விட்டுத்தான். பிறகு என் சட்டைக் கையைத் தானே மேலே தள்ளித் திட்டைப் பார்த்தாள். ஒரு விரலால் தொட்டாள். தொட்டதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

"ஒனக்கு பயமா இல்லியா?" என்றேன்.

"இருக்குது. இல்லாம?"

குழந்தையை நீட்டினாள். எப்படி வாங்குவது என்று தெரியவில்லை. தலை இடது முழங்கை மடிப்பில், உடம்பு கையின் மேல். வலது கையை அதன் மார்பின் மேல் வைத்துக்கொண்டேன். தூங்கிக்கொண்டிருந்தது. இமையில் மயிர்கூடச் சரியாக இல்லை. நெற்றி என்னுடையதா, தெரியவில்லை.

இன்னும் பெயர் வைக்கவில்லையாம். நான் சொல்லும் பெயர்தான் என்றாள். எனக்கு ஒரு பெயரும் வரவில்லை.

வெகுநேரம் அசையாமல் இருந்தேன். திடீரென்று விசாலம் சிரித்தாள். ஜனவரிக்குப் பிறகு இன்றுதான் அவள் சிரிப்பைக் கேட்கிறேன்.

"கையெல்லாம் நனச்சிட்டா பாரு. சும்மா வெச்சிகினு கீறியே."

பார்த்தேன். இடது கையில் திட்டு இருக்கும் பக்கம் முழுக்க நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. சுண்டு விரல் வழியாக மணலில் இறங்கியிருந்தது.

"தெரியல" என்றேன்.

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. குழந்தையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். பிறகு நீட்டிய கையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள். இன்னும் கொஞ்ச நேரம் என்னிடமே விட்டுவைத்தாள்.