இடியப்பத்துக்கு எந்தப் பெட்டி?

செப்டம்பர் 16, 2017, சனி

வீட்டுக்குப் பாம்பு வந்துவிட்டது. என் கையால் இப்படி ஒரு வரி எழுதுவேன் என்று நினைத்ததே இல்லை.

போன மாதம்தான் நோர்வேயில் பாம்பு வளர்க்க அனுமதித்தார்கள். அன்றிலிருந்து மகள் துஷாரா என்னை இருக்க விடவில்லை. பதினாலு வயது, சட்டம் முழுக்க மனப்பாடம். விஷமில்லாத இனமாம். செம்மஞ்சள் நிறம், ஓரடி நீளம், என் சுண்டுவிரலைவிட மெல்லிசு. சுருண்டு கிடந்ததைப் பார்த்து இவர், "இதென்ன, சிவத்த இடியப்பம்" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது.

பெட்டி மட்டும் என் தெரிவு. பக்கத்து நகரம் திராமனில் ஒருவர் விற்ற ஒன்றரை மீட்டர் கண்ணாடிப் பெட்டி. "அம்மா, குட்டிக்கு இது மெத்தப் பெரிசு" என்று துஷாரா கத்தினாள். "வளருற உயிர்தானே பிள்ளை. பிறகு மாத்தத் தேவையில்லை" என்றேன். வளரும் பிள்ளைக்கு அளவாக வாங்கும் தமிழ்த் தாய் எங்கள் ஊர் புருசெத்தில் எங்கே இருக்கிறாள்?

செப்டம்பர் 22, வெள்ளி

உறைந்த எலிக்குஞ்சுகள் பிறீசரில், மீனுக்கும் கீழே, மூன்று பைக்குள். துஷாரா ஒன்றை எடுக்கப் போனாள். விடவில்லை. வெள்ளிக்கிழமை இந்த வீட்டில் மச்சம் மாமிசம் இல்லை.

"பாம்புக்கு ஏதம்மா வெள்ளிக்கிழமை?"

நாளை புரட்டாதிச் சனி. ஆகவே ஞாயிறு.

செப்டம்பர் 24, ஞாயிறு

தொடவில்லை.

அக்டோபர் 1, ஞாயிறு

இன்றும் தொடவில்லை. கண்ணாடி ஓரமாக அங்குமிங்கும் அலைகிறது. நான் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டதில் கோபமோ? பாம்புக்கும் ரோசம் வருமா?

பதினாலாம் திகதிக்குள் தின்னாவிட்டால் திருப்பிக் கொண்டுவரச் சொல்லிவிட்டாராம் கடைக்காரர். துஷாரா அழுதாள். "எத்தினை தரம் சொன்னனான், பெட்டி பெரிசெண்டு? ஒருக்காலாவது நான் சொல்லுறதைக் கேட்டிருக்கிறியளா?"

நானும் கத்தினேன். பிறகு குசினிக்குள் போய்க் கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன். கேட்டிருக்கிறேனா? ஒன்றும் ஞாபகம் வரேல்லையே —

அக்டோபர் 5, வியாழன்

நான் வேலை செய்யும் குழந்தைகள் காப்பகத்தில் அனஸ்ரேசியா என்று ஒரு குட்டிப்பெண் புதிது. நான்கு நாளாகப் பெரிய மேசையில் ஒரு வாய் சாப்பிடவில்லை. இன்று மட்டைப் பெட்டி ஒன்றுக்குள் புகுந்து இருந்துகொண்டு பாண் முழுவதையும் தின்றாள். முழங்காலில் நின்று பார்த்தேன். இடியப்பம் நினைவுக்கு வந்தது. ஒன்றரை மீட்டர் வெறும் கண்ணாடி. ஒளிக்க ஒரு மூலை இல்லை. ஐயோ, பாவம் அது.

வீட்டுக்கு வந்ததும் துஷாராவின் கதவைத் தட்டினேன். "நீ சொன்னதுதான் சரி. எப்பிடிப் பெட்டி வேணும், சொல்லு."

"சுகமில்லையே அம்மா உங்களுக்கு?"

பாம்பைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தால் போதுமாம். இறுக்கமான மூடி, ஒளிக்க இரண்டு இடம், ஒரு பக்கம் மட்டும் சூடு. தேடிப் பார்த்தால் பொருத்தமாக இருந்தது என் பலகாரப் பெட்டிதான். தீபாவளி முறுக்குக்கு வைத்திருந்தேன். போகட்டும். இவர் துளை போட்டார், துஷாரா மரத்தூள் பரப்பினாள். இனி ஒரு கிழமைக்கு யாரும் கிட்டப் போகக்கூடாது.

அக்டோபர் 13, வெள்ளி

நாளை கடைசி நாள். இன்று வெள்ளி.

 துஷாரா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நானே பிறீசரைத் திறந்து எலிக்குஞ்சைச் சுடுதண்ணீரில் போட்டேன். பிள்ளையாரிடம் மன்னிப்பும் கேட்டேன், அவருடைய வாகனம் அல்லவா.

மூடியை மூடிவிட்டு அறைக்கு வெளியே இரண்டு பேரும் நிலத்தில் இருந்தோம். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் எலிக்குஞ்சு இல்லை! இடியப்பத்தின் நடுவில் ஒரு சின்ன வீக்கம். துஷாரா சத்தம் போடாமல் குதித்தாள். பிறகு என்னைக் கட்டிப்பிடித்தாள். எவ்வளவு காலம்! சந்தோசத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அக்டோபர் 18, புதன்

தீபாவளி. முறுக்கு ஐஸ்கிரீம் டப்பாவில்.

ஏப்ரல் 28, 2018, சனி

துஷாரா வகுப்போடு பேர்கனுக்குப் போயிருக்கிறாள். காலையில் பார்த்தால் இடியப்பம் பெட்டியின் இரண்டு சுவரையும் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. நூல் வைத்து அளந்தேன். பெட்டியைவிட நீளம்.

"அந்தப் பெரிசு சும்மாதானே கிடக்குது. அதில விடுமன்" என்றார் இவர்.

"உங்களுக்கென்ன தெரியும்? அது பயந்திடும்."

பலகை வெட்டுவித்துப் பெரிய பெட்டியை நடுவில் மறித்தேன். மூன்று பக்கமும் கடதாசி ஒட்டி, ஒளிக்க இடம் வைத்து, அரைவாசிக்குள் விட்டேன். என் கையாலேயே தூக்கி விட்டேன். 

துஷாராவுக்குப் போன் எடுத்தேன். "பிள்ளை, பெட்டி மாத்திப்போட்டன்" என்று சொல்லிவிட்டு, எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் என்று கேட்பாள் என்று நூலைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

அவள் அளவு கேட்கவில்லை. "நீங்கள் பாத்துச் செய்தாச் சரியாத்தான் இருக்கும் அம்மா" என்றாள்.