ஜீப் நின்ற இடம்

மதிப்புக்குரிய லாரி ஓட்டுநர் அண்ணனுக்கு,

உங்கள் லாரி இடித்த நெடுஞ்சாலை ரோந்துக் காவலன் எழுதிக்கொள்வது. பயந்துவிடாதீர்கள், இது சம்மன் இல்லை. நான் நன்றாகவே இருக்கிறேன். வலது காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிந்து உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். நேற்று கட்டிலிலிருந்து சன்னல் வரை ஊன்றுகோலோடு நடந்தேன். என் மனைவி கல்யாண ஊர்வலம் பார்ப்பதுபோல் பின்னாலேயே வந்தாள்.

உங்கள் நலத்தை விசாரிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் அண்ணியே எழுதிவிட்டார். உங்களுக்குத் தெரியாமல் எழுதியதாகச் சொல்கிறார், அவர்மேல் கோபப்படாதீர்கள். உங்களை மன்னிக்கச் சொல்லி நாலு பக்கம் எழுதியிருக்கிறார். நீங்கள் சரியாகச் சாப்பிடுவதில்லையாம், யாரோடும் பேசுவதில்லையாம், மாத்திரை போட்டால்தான் இரவில் தூக்கமாம். லாரி முதலாளி தன் ஆளை வீட்டுக்கே அனுப்பிக் கூப்பிட்டும், இனி ஸ்டீயரிங்கைத் தொடமாட்டேன், கண்ணசந்து ஒரு மனுஷனை இடித்துவிட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டீர்களாம். அந்தக் கடிதத்தை மூன்று நாள் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

அண்ணே, நீங்கள் தூங்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். அன்று மதியம் அந்த வளைவைத் தாண்டி ஒரு கார் பஞ்சராகி நின்றது. உள்ளே ஒரு பெரியவரும் அவர் மனைவியும். போனது வலது பின் சக்கரம், அதாவது சாலைப் பக்கம். இப்படிப்பட்ட இடத்தில் எங்கள் ஜீப்பை அந்தக் காருக்குப் பின்னால், நல்ல தூரம் விட்டு, சாய்வாக நிறுத்த வேண்டும். வருகிறவன் தவறினாலும் ஜீப்பில்தான் மோதுவான், ஆள் பிழைத்துக்கொள்வான். வளைவுக்கு முன்னாலேயே ஆரஞ்சு கோன்களை வரிசையாக வைக்க வேண்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதை வகுப்பெடுக்கிறவன் நான்தான். சிரிக்காதீர்கள்.

அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. எங்கள் ஜீப் ஓட்டுநரை ஒல்லி என்று கூப்பிடுவோம். அவன், "சார், சீட்டு கொதிக்குது, உக்காந்தா வெந்துருவோம்" என்றான். காருக்கு முன்னால் ஒரு மரம் இருந்தது. பத்து நிமிஷ வேலைதானே, நிழலில் போடு என்று சொன்னது நான். ஜீப் நிழலுக்குப் போனது. கோன்களும் அதோடு போயின. பெரியவர் நட்டைக் கழற்றத் தடுமாறியதைப் பார்த்து, ஸ்பேனரை வாங்கிக்கொண்டு சாலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

வளைவைச் சுற்றி வருகிற உங்களுக்கு என்ன தெரிந்திருக்கும்? சுழல் விளக்கு தெரியாது, ஜீப் தெரியாது. வளைவோரப் புதர் முடிந்ததும் நேராக என் முதுகு.

ஒல்லி அன்று தன் போனில் எடுத்த படங்களைப் போன வாரம் கொண்டுவந்து காட்டினான். காருக்கு இருபது அடி பின்னாலிருந்தே உங்கள் டயர் இழுத்த கறுப்புத் தடம் சாலையில் இருக்கிறது. தூங்குகிறவன் பிரேக் போடமாட்டான் அண்ணே. என்னைக் கண்ட நொடியே மிதித்து, வலப்பக்கம் ஒடித்திருக்கிறீர்கள். இல்லையென்றால் காலோடு போயிருக்காது.

பிறகு உங்கள் சட்டையைக் கழற்றி என் தொடையை இறுக்கிக் கட்டினீர்கள். அந்தக் கட்டுதான் உயிரைப் பிடித்து வைத்தது என்று மருத்துவர் சொன்னார். கட்டிக்கொண்டே, "தூங்கிட்டேன் போல சார், தூங்கிட்டேன் போல" என்று அழுதீர்கள். எனக்கு நினைவு தப்பவில்லை. உங்கள் பிரேக் கிறீச்சிட்டது என் காதில் விழுந்திருந்தது, இல்லை என்று சொல்ல வாயும் இருந்தது. சொல்லவில்லை.

அதைவிட மோசமானதையும் சொல்லிவிடுகிறேன். முதல் வாரத்தில் எங்கள் அதிகாரி ஓர் அறிக்கையோடு வந்தார். ஜீப் பின்னால் நின்றது, கோன்கள் இருந்தன, லாரி கவனமில்லாமல் வந்தது என்று இருந்தது. என் வேலைக்கு ஆபத்து வரக்கூடாது என்ற நல்ல எண்ணம் அவருக்கு. வலி மயக்கத்தில் கையெழுத்துப் போட்டேன் என்று உங்களிடம் சொல்லலாம். பொய். படித்துவிட்டுத்தான் போட்டேன்.

நேற்று விசாரணை அதிகாரியை வரவழைத்து, ஜீப் நின்ற இடத்தை உள்ளபடி எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒல்லியும் படங்களைக் கொடுத்துவிட்டான். நான் சொன்னதைத்தான் அவன் செய்தான் என்பதையும் எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகு எங்கள் அதிகாரி என் போனை எடுக்கவில்லை. எனக்கு என்ன தண்டனை என்று இன்னும் தெரியாது. மனைவி முழுவதையும் கேட்டுவிட்டு, "இத மொத வாரமே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னாள். அவள் சொன்னது சரிதான். வாக்குமூலத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன், உங்கள் வக்கீலிடம் கொடுங்கள்.

அண்ணியிடம் இந்தக் கடிதத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு தடவை படித்தாலும் பரவாயில்லை. இரவில் மாத்திரை இல்லாமல் கண்ணை மூடுங்கள்.

வேலையில் விட்டுவைத்தார்கள் என்றால், கால் தேறியதும் அதே சாலைக்குத்தான் திரும்புவேன். எனக்கு வேறு வேலை தெரியாது. உங்களிடம் கேட்பது ஒன்றுதான். வண்டியை எடுங்கள் அண்ணே. மனுஷனைக் கண்ட நொடியே பிரேக்கை மிதிக்கிற ஒருவரை வீட்டில் உட்கார வைத்துவிட்டு, நான் எந்தத் தைரியத்தில் போய் அந்தச் சாலையில் நிற்பேன்?

இப்படிக்கு,
தம்பி என்று நீங்கள் கூப்பிட்டால் மகிழும்
ஒரு காவலன்