நாற்பத்து மூவாயிரத்துக்கு ஒரு கூரை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சுகம், இந்த வீட்டில் சுகமில்லாதது கூரை மட்டும்தான். நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாய் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ ஐந்து வார்த்தை பேசிவிடுகிறாய், மூன்றாவது வார்த்தைக்கு உன் அப்பா போனை வாங்கிக்கொள்கிறார். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. பன்னிரண்டு நாளாக எனக்கு வயிறு எரிகிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர் உன்னிடம் கூரையின் விலையைச் சொல்லுவாராம், நீயும் உடனே, அப்படியென்றால் நான் வரவில்லை, டிக்கெட்டை ரத்து செய்து அந்தப் பணத்தையும் லீவுக்காகச் சேர்த்ததையும் அனுப்பிவிடுகிறேன் என்பாயாம். அப்பாவும் மகளும் பேசி முடித்துவிட்டீர்கள். உன்னைப் பார்த்து நான்கு வருடம் ஆகிறது என்பதை எந்தக் கணக்கில் வைத்தீர்கள் என்று தெரியவில்லை. மாதக் கடைசிக்குள் ரத்து செய்தால்தான் பணம் திரும்பி வரும் என்றாய் அல்லவா, அதனால் கையில் என்ன வேலை இருந்தாலும் வைத்துவிட்டு இதைக் கடைசி வரை படி, நடுவில் எனக்குப் போன் செய்யாதே.

முதலில் இருந்து சொல்கிறேன், உன் அப்பா சொன்னது பாதிக் கதை. இந்த மழைக்கு முதலில் ஒழுகியது உன் அறைதான், அலமாரிக்கு நேர் மேலே. பிறகு கூடம், பிறகு என் தையல் மெஷின். வீட்டில் இருந்த வாளி, பேசின், பழைய பெயின்ட் டப்பா எல்லாவற்றுக்கும் வேலை கிடைத்தது. ஒருத்தி தைக்கக் கொடுத்திருந்த வெள்ளைத் துணியில் துரு நிறத்தில் சொட்டு விழுந்து, அதற்கு நான் புதுத் துணி வாங்கிக் கொடுக்கும்படி ஆயிற்று. சரி, நாலு ஓடு மாற்றினால் போதும் என்று நினைத்துத்தான் ஆளைக் கூப்பிட்டோம். முதலில் வந்தவர் ஏணியே கொண்டு வரவில்லை. ஒரு சின்னக் கேமராவைப் பறக்கவிட்டு, தெருவில் நின்றபடியே நம் கூரையைப் போனில் காட்டினார், ஸ்கேன் எடுத்த டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார், மொத்தத்தையும் மாற்ற வேண்டும் என்றார். இரண்டாவது ஆள் கூரையைப் பார்த்ததைவிடக் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் உன் படத்தைத்தான் அதிகம் பார்த்தார். பெண் வெளிநாட்டிலா, என்ன வேலை, எத்தனை வருடமாக என்று அக்கறையாக விசாரித்துவிட்டு, ஓட்டின் தரத்தை ஒரு படி உயர்த்திக்கொண்டார். அடுத்த ஆள் வருவதற்குள் உன் படத்தைக் கழற்றி உள்ளே வைத்தேன், சிரிக்காதே. மூன்றாவதாக வந்தவருக்கு நான் வைத்த பெயர் பொறுமைசாலி. நிதானமாகப் பேசினார், ஏணி போட்டு ஏறினார், மரச்சட்டத்தைத் தட்டிப் பார்த்து உளுத்துப்போன தூளை உள்ளங்கையில் கொண்டுவந்து காட்டினார். அந்தத் தூளைப் பார்த்ததும் உன் அப்பா அடங்கிப்போய்விட்டார்.

பொறுமைசாலி கொடுத்த பட்டியலை நீ பார்க்க வேண்டும். பழைய ஓட்டைக் கழற்றுவதற்கு ஒரு கூலி. கழற்றியதைக் கீழே இறக்க ஒரு கூலி. இறக்கியதை லாரியில் ஏற்றிக் கொண்டுபோகத் தனி, கொண்டுபோய்க் கொட்டுகிற இடத்தில் கொட்டுவதற்குத் தனி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சும்மாவா சொன்னார்கள். என்னிடம் பழைய பாவாடையைப் பிரித்துத் தைக்கச் சொல்பவர்களிடம் பிரித்த நூலைக் குப்பையில் போட்டதற்கு நான் என்றைக்காவது காசு கேட்டிருக்கிறேனா? சாரக் கம்பிக்கு நாள் வாடகை, மழை பெய்து வேலை நடக்காத நாளுக்கும் வாடகை. அதைக் கேட்டால், கம்பி அங்கேதானே நிற்கிறது என்கிறார். எல்லாம் சேர்த்து நாற்பத்து மூவாயிரத்து இருநூறு. மற்ற இரண்டு பேர் சொன்ன விலையும் இதை ஒட்டித்தான் இருந்தது, அதனால் ஊர் விலையே இதுதான் போலிருக்கிறது என்று நம்பினோம். உன் அப்பாவின் பென்ஷனில் மற்ற செலவு போக மிஞ்சுவதில் அது சரியாக மூன்று வருடம், அதுவும் மூன்று வருடமும் நாங்கள் ஒன்றும் சாப்பிடாமல் இருந்தால். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வைத்திருந்ததிலிருந்து கால் பங்கு முன்பணம் கொடுத்தார். அன்று மாலைதான் உனக்குப் போன் செய்திருக்கிறார், நான் துணி வாங்கக் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து.

இனிமேல்தான் விஷயம். நம் வீடும் சித்தப்பா வீடும் ஒரே வீடாக இருந்ததும், உன் தாத்தா போன பிறகு நடுவில் சுவர் வைத்துப் பிரித்ததும் உனக்குத் தெரியும். ஆறு வருடத்துக்கு முன்னால் சித்தப்பா மழைத்தண்ணீர்க் குழாயை நம் பக்கம் திருப்பிவிட்டார் என்று அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தியதும் தெரியும். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. நானும் உன் சித்தியும் ஒரு நாள்கூடப் பேச்சை நிறுத்தவில்லை. பின்பக்கம் துணி காயப்போடும்போது சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளுமாகப் பேசுவோம். முதல் நாளே ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டோம், வீட்டு விஷயம் பேசக்கூடாது என்று. பிள்ளைகள், முட்டிவலி, கடைச் சாமான் விலை, டிவித் தொடர், எது வேண்டுமானாலும் பேசலாம். சுவர், குழாய், கூரை, பங்கு, இதெல்லாம் கூடாது. அந்த ஒப்பந்தத்தால்தான் ஆறு வருடம் சண்டையில்லாமல் இருந்தோம். அதே ஒப்பந்தம்தான் எங்கள் தலையில் கல்லைப் போடப் பார்த்தது.

போன செவ்வாய்க்கிழமை அவள் போர்வையைப் பிழிய முடியாமல் நின்றாள். முட்டிக்கு ஆபரேஷன் தேதி வாங்கிவிட்டேன் என்று சொன்னவள் ஆயிற்றே, என்ன ஆனது என்று கேட்டேன். தள்ளிப் போட்டாயிற்று என்றாள். ஏன் என்றேன். அது வீட்டு விஷயம் அக்கா என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை, ஒப்பந்தமும் ஆயிற்று மண்ணாங்கட்டியும் ஆயிற்று, சொல்லித் தொலை என்றேன். கூரைக்கு முன்பணம் கொடுத்துவிட்டோம் அக்கா என்று அழுதுவிட்டாள். யாரிடம் என்றேன். பொறுமையாகப் பேசுகிற ஒருவர் என்றாள். எவ்வளவு சொன்னார் என்றேன். நாற்பத்து மூவாயிரத்து இருநூறு. கடைசி இருநூறு வரைக்கும் ஒன்று. கையில் பிடித்திருந்த ஈரத்துணியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே வந்தேன்.

பட்டியலை எடுத்துப் பார்த்தேன். இரண்டாயிரத்து இருநூற்று நாற்பது சதுர அடி என்று போட்டிருந்தது. தையல் டேப்பை எடுத்துக்கொண்டு தரையில் மண்டியிட்டு, உன் அறையில் ஆரம்பித்து சமையலறை வரை அளந்தேன். தொள்ளாயிரத்து அறுபது வந்தது. சரிவாக வெட்டினால் துணி கூடுதலாகப் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியாததா, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பையும் சேர்த்துத் தாராளமாகப் போட்டேன். ஆயிரத்து நூற்றைம்பதைத் தாண்டவில்லை. சுவர் தரையிலிருந்து எழும்பி மரச்சட்டம் வரைக்கும்தான் நிற்கிறது, அதற்கு மேலே கூரை ஒன்றுதானே. பறக்கிற கேமராவுக்குத் தெரிந்ததும் ஒரே கூரை, ஏணி போட்டு ஏறினவர் அளந்ததும் ஒரே கூரை. மூன்று பேரும் முழுக் கூரைக்குத்தான் விலை சொல்லியிருக்கிறார்கள், அதில் பாதி தன் தம்பியுடையது என்று சொல்ல உன் அப்பாவுக்கு வாய் வரவில்லை. தம்பி என்ற வார்த்தையை ஆறு வருடமாக உச்சரிக்காதவர் அல்லவா. அந்தப் பக்கம் சித்தப்பாவும் அதே கௌரவத்தில் அண்ணனை விட்டுவிட்டுக் கூரைக்கு விலை கேட்டிருக்கிறார். ஒரு கூரை, இரண்டு முன்பணம்.

எனக்கு எதில் கோபம் அதிகம் என்று கேட்டால், உன் அப்பா முப்பத்தோரு வருடம் எடை அளவு அதிகாரியாகக் கடை கடையாகப் போய்த் தராசும் படிக்கல்லும் சோதித்த மனிதர். அரை கிராம் குறைந்ததற்கு ஒரு கடையைப் பூட்டினார். தெருவில் இன்னும் தராசுக்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் தன் தலைக்கு மேல் இருப்பதை அளக்கவில்லை. ஏன் சதுர அடியைப் பார்க்கவில்லை என்று கேட்டேன். மொத்தத் தொகையைப் பார்த்ததும் மீதியைப் படிக்கக் கண் போகவில்லை என்றார். ஆனாலும் நான் விடவில்லை. உன் கௌரவத்துக்கு விலை நாற்பத்து மூவாயிரம் இல்லை, என் மகள் வருகிற டிக்கெட், உன் தம்பி பெண்டாட்டியின் முட்டி, அதையும் சேர்த்துப் போடு என்று சொன்னேன். ஆமாம், கோபத்தில் உன் என்றுதான் சொன்னேன். கல்யாணமாகி இதுதான் முதல் தடவை. அவர் என் கையிலிருந்த டேப்பை வாங்கி, கூடத்தை ஒரு தடவை தானே அளந்து பார்த்தார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். வழக்கம்போல நூலகத்துக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். அடுத்த வீட்டு மணி அடித்தது.

நான் பின்பக்கம் ஓடினேன், சித்தியும் ஓடிவந்திருந்தாள். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். உன் அப்பா வணக்கம் சொல்லவில்லை, நலமா என்று கேட்கவில்லை. “உங்க வீட்ல எத்தனை சதுர அடிடா?” என்று கேட்டார்.  சித்தப்பா, “அளந்ததில்லைண்ணே, உள்ள வாங்க, அளக்கலாம்” என்றார். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பது சரிதான், ஆனால் அந்தத் தசையை ஆட்டிவைக்க நான் மண்டியிட்டுத் தரையெல்லாம் தவழ வேண்டியிருந்தது.

மறுநாள் நான்கு பேரும் ஒரே ஆட்டோவில் பொறுமைசாலியின் அலுவலகத்துக்குப் போனோம். எங்களைச் சேர்த்துப் பார்த்ததும் அந்த மனிதருக்கு முகத்தில் ஈ ஆடவில்லை. பிறகு பழைய நிதானத்தோடு சொல்கிறார், “ரெண்டு பேரும் முழுக் கூரைக்குத்தான் கேட்டீங்க. அரைக் கூரைன்னு யாரும் சொல்லலையே.” ஒருவரிடம் வாங்கிய பிறகு இன்னொருவரிடம் எப்படி வாங்கினாய் என்று உன் அப்பா கேட்டார். நீங்கள் பேசிக்கொள்வதில்லை என்று எனக்குத் தெரியும், குடும்ப விஷயத்தில் நான் எப்படித் தலையிடுவது என்றார். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும். உன் அப்பாவின் அந்தப் பழைய சோதனைக் குரல் வெளியே வந்தது. கத்தவில்லை. பட்டியலை மேஜைமேல் விரித்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து, இது எதற்கு, இது எதற்கு என்று மூன்று மணி நேரம் கேட்டார். பாவம், பொறுமைசாலிக்கே பொறுமை போய்விட்டது. ஒரு முன்பணம் திரும்பி வந்தது. மழைநாள் வாடகை அடிபட்டது. நல்ல ஓடுகளைக் கழற்றி வைத்து மறுபடி போடுவதாக ஒத்துக்கொண்டார், அதனால் லாரிக் கூலியும் குறைந்தது. எல்லாம் போக முப்பத்து நாலாயிரம், ஆளுக்குப் பதினேழு. இதுவும் அநியாயம்தான், நான் சந்தோஷப்படுகிறேன் என்று நினைத்துவிடாதே. தலைக்கு மேல் நனையாமல் தூங்குவதற்கு ஒரு மனிதன் ஒரு வருடத்துக்கு மேல் பட்டினி கிடக்க வேண்டும் என்றால் அந்தக் கணக்கை யார் போட்டார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. ஆனால் பதினேழு எங்களால் முடியும். யாரிடமும் கை நீட்டாமல் முடியும், உன்னிடமும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சித்தி ஆபரேஷனுக்குப் பழைய தேதியையே கேட்டு வாங்கிவிட்டாள். சித்தப்பா குழாயை நேராக்குவதாகச் சொல்லியிருக்கிறார், இன்னும் செய்யவில்லை, அவரைப் பற்றித் தெரியாதா. இரண்டு பேரும் சாயங்காலமானால் தெருவில் நின்று கூரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஆறு வருடப் பேச்சில் பாதியைத்தான் இன்னும் பேசி முடித்திருக்கிறார்கள் போல. உன்னை விமான நிலையத்திலிருந்து கூட்டிவர யார் வண்டி என்பதில் மறுபடி சண்டை வரும் போலிருக்கிறது, அந்தச் சண்டை வரட்டும்.

உனக்குச் சொல்ல வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. நீயும் உன் அப்பாவின் மகள்தான், மொத்தத் தொகையைப் பார்த்ததும் மீதியைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவள். அங்கே வாடகை வீட்டுக்கோ வேறெதற்கோ தாள் நீட்டினால் நாலு வரியாவது படி. உன்னோடு தங்கியிருக்கும் பெண்ணிடம் கோபித்துக்கொண்டதாகப் போன மாதம் சொன்னாய், முடிந்தால் நாளைக்கே பேசிவிடு. எதற்காகச் சண்டை என்று நீ சொன்னது எனக்கு மறந்துவிட்டது, உனக்கும் மறந்திருக்கும். நல்ல கனமான செருப்பு வாங்கு. நீ எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல், மனக்குறை இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், அதுதான் என் வேண்டுதலும் உன் அப்பாவுடையதும்.

இந்தக் கடிதத்தைத் தபாலிலும் போடுகிறேன். அது வருவதற்குள் மாதம் முடிந்துவிடும் என்பதால், பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இன்றைக்கே உனக்கு அனுப்பச் சொல்லிச் சித்தியிடம் கொடுக்கப் போகிறேன். இந்த முறை சுவருக்கு மேலே எட்டிக் கொடுக்காமல் வாசல் வழியாகப் போய்க் கொடுப்பேன். டிக்கெட்டை ரத்து செய்யாதே. நீ வரும்போது கூரை வேலை முடியாமல் இருக்கலாம், உன் கட்டிலை ஒழுகாத மூலைக்கு இப்போதே நகர்த்திவிட்டேன், உன் படத்தையும் பழையபடி கூடத்தில் மாட்டிவிட்டேன். நீ வராமல் போனால், இத்தனை ஆயிரம் கொட்டிக் கூரை போட்டு, நான் யாரை நனையாமல் வைத்துக்கொள்வது?

இப்படிக்கு,
இன்னும் கோபம் தீராத,
உன் அம்மா