தினம் ஒரு வெங்காயம்

ஒரு கிலோ என்று நினைத்து மொபைலில் எதையோ அழுத்தியிருக்கிறேன். இன்று காலை ஹைதராபாத் கச்சிபௌலி வீட்டுக்கு வந்த பெரிய காகிதப் பைக்குள் ஒரே ஒரு வெங்காயம் கிடந்தது. சமையலறையில் தனியாக நின்று வெகுநேரம் சிரித்தேன். இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? நீ போய் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. இருந்தாலும் எழுதுகிறேன்.

நாம் முதலில் பேசியபோது நான் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் இருந்தேன். இங்கிருந்து கம்பெனி அனுப்பிய வேலை. மதுரையில் அம்மா தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்ட வேலை. பெரும்பாலும் வீட்டிலிருந்தே பார்த்ததால், குளிர் வந்ததும் வெளியே போவது நின்றது. பிறகு தலை வாருவதும் நின்றது. கம்பெனி கொடுத்த உதவி எண்ணில் ஆங்கிலத்தில் பேசிப் பார்த்தேன். "ஐ ஆம் ஃபைன்" என்பதைத் தாண்டி வாயில் எதுவும் வரவில்லை. தமிழில் கேட்க ஒரு கவுன்சிலர் இருப்பாரா என்று தேடியபோது, செகந்திராபாத்தில் நீ இருந்தாய்.

அம்மாவிடம் சொல்வதையே உன்னிடமும் சொன்னேன். எல்லாம் நன்றாக இருக்கிறது, தூக்கம்தான் கொஞ்சம் வரவில்லை என்று. முழுதும் கேட்டுவிட்டு நீ சொன்னாய்: "உங்க பின்னாடி அந்தச் சுவர் ரொம்ப சுத்தமா இருக்கு. லேப்டாப்பைக் கொஞ்சம் திருப்புங்களேன்."

"வேணாம் மேடம்."

"கைக்கு வேணாம்?"

'கைக்கு': 'ஏன்' என்பதற்கு ஹைதராபாத் உருதுவில் நான் தினமும் கேட்டுப் பழகிய சொல். அதைக் கேட்டதும் உள்ளே எதுவோ இளகியது. திருப்பினேன். துவைக்காத துணிகள், பிரிக்காத பெட்டிகள், கழுவாத கோப்பைகள். நீ முகம் சுளிக்கவில்லை. உன் லேப்டாப்பையும் திருப்பிக் காட்டினாய். கட்டில் மேல் மடிக்காத துணி மலையாகக் குவிந்திருந்தது.

"பிரிட்டிஷ்காரன் காலத்துல எங்க குடும்பம் இங்க வந்துச்சு. அப்பலேர்ந்து இந்தத் துணி இப்படியேதான் கிடக்குது."

சிரிக்கத் தொடங்கினேன். பாதியில் அது அழுகையாகிவிட்டது. நீ தடுக்கவில்லை. அழுது முடியும்வரை உட்கார்ந்திருந்தாய்.

சில வாரங்களுக்குப் பிறகு எனக்கு ஒரு வேலை கொடுத்தாய். "தினம் கடைக்குப் போங்க. ஒரு வெங்காயம் வாங்குங்க. ஒண்ணுதான். மெஷின்ல பில் போடறது நக்கோ, வேணாம். ஆள் உக்காந்திருக்கற கவுண்டருக்குத்தான் போகணும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் போனேன். கவுண்டரில் கண்ணாடி போட்ட, சிரிக்காத ஓர் அம்மாள். ஒற்றை வெங்காயத்தை எடைபோட்டுத் தருவார். நான் நன்றி சொல்லிவிட்டு வருவேன். ஒரு நாள் அவர் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார், ஏன் தினமும் ஒன்று என்று. எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில், "டாக்டர் சொன்னார்" என்றேன். இந்தியாவில் வெங்காயத்தால் ஏதோ பெரிய வியாதியைக் குணப்படுத்துகிறார்கள் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். எனக்குப் பின்னால் நின்ற கிழவரிடமும் அதைச் சொல்ல, அவர் திரும்பிப் போய் ஒரு வெங்காயம் எடுத்துவந்தார்.

பிறகு எனக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் கடைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் என்னைக் கண்டதும் அந்த அம்மாள் எழுந்தே நின்றுவிட்டார். "எங்கே போயிருந்தாய்?" மனசுக்குள் மொழிபெயர்க்காமலே எனக்குப் புரிந்த முதல் ஜெர்மன் வாக்கியம் அது. அந்த ஊரில் நான் காணாமல் போனால் கவனிக்க ஓர் ஆள் இருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் வெங்காயம் போட்ட கேக் சாப்பிட்டேன். சுமார்தான். உன்னிடம் அதைச் சொன்னபோது நாற்காலியில் சாய்ந்து சாய்ந்து சிரித்தாய்.

ஊர் திரும்பியதும் காபி சாப்பிடலாமா என்று கேட்டேன். "இப்ப வேணாம். நான் இன்னும் உங்க கவுன்சிலர்தான். அது உங்க மனசுலேர்ந்து போகட்டும்" என்றாய். போக நாளாயிற்று. பிறகு ஒரு நாள் நீயாகவே கூப்பிட்டாய், "வா, இப்ப சிநேகிதி ஆகலாம்" என்று. திரையில் நெடுநெடுவென்று தெரிந்தவள் நேரில் என் தோள் உயரம்தான் இருந்தாய். அன்றைக்குத்தான் எனக்கும் 'நீங்க' போய் 'நீ' வந்தது.

மௌலா அலி ரயில்வே காலனி மண்டபத்தில் நீ நடத்திய சனிக்கிழமைக் கூட்டத்துக்கு என்னையும் இழுத்துப் போனாய். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய அப்பா அம்மாக்கள் வருவார்கள். "சாப்பிட்டியான்னு கேட்டா ஆச்சுன்னுதான் பதில் வரும். கேட்டுட்டு ஃபோனை வெக்காதீங்க. கொஞ்ச நேரம் சும்மா இருந்து பாருங்க" என்பாய். பிறகு உனக்கு வந்த நோய் முற்றியபோதும் ஊன்றுகோலோடு வந்தாய். அந்தக் கோலையும் கிண்டல் செய்தாய்.

உன்னிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தச் சனிக்கிழமைக் கூட்டம்தான். நீ போன பிறகு அதை நான் தொடர்கிறேன். நான் கவுன்சிலர் இல்லை என்பதை ஒவ்வொரு முறையும் முதலில் சொல்லிவிடுகிறேன். கனமான பேச்சு வந்தால் உன்னோடு படித்த கவுன்சிலரிடம் அனுப்பிவிடுகிறேன். நாற்காலி போடுவதும் கேட்பதும் மட்டும் என் வேலை.

போன வாரம் அந்த ரயில்வே பெரியவர், மகளைக் கனடாவுக்கு அனுப்பியவர், எழுந்து நின்றார்.

"நேத்து எம் பொண்ணு ஃபோன்ல அழுதாம்மா."

பையை மார்போடு அணைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"போனதுலேர்ந்து 'நல்லா இருக்கேன்ப்பா' தவிர ஒண்ணும் சொன்னதில்லே. நேத்து நான் சும்மாவே இருந்தேன். இங்க எனக்கு யாருமே இல்லப்பான்னு அழுதா. ரொம்ப நேரம் பேசினா. இது நல்ல சமாச்சாரம்தானே?"

"ஹவ், ஆமா" என்றேன். "ரொம்ப நல்ல சமாச்சாரம்."

அவர் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். மகள் அழுததற்கு மைசூர்பாகு கொண்டுவந்திருந்தார். எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே என்னிடம் வந்தார். நான் இரண்டு எடுத்துக்கொண்டேன்.