துரைக்குத் தைத்த பனியன்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஃபோனில் பேசினால் உன் அம்மா எதிரே நின்று சைகை காட்டுவாள், நான் பாதியை விழுங்கிவிடுவேன், அதனால்தான் கடிதம். வேலைக்குப் போகிறேன் என்று ஒரு கிழட்டு நாயை என் தலையில் கட்டிவிட்டுப் போனாயே, அந்தத் துரையால் நான் பட்ட பாட்டை முழுதாகக் கேள்.

அவனைக் குளிப்பாட்டும்போது வயிற்றில் ஏதோ கையில் தட்டுப்பட்டது. உண்ணி என்று நினைத்து இழுக்கப் போனேன், ஒருநாளும் என்னைப் பார்த்து உறுமாதவன் பல்லைக் காட்டினான். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் உண்ணியாவது ஒன்றாவது, காம்பு! ஆண் நாய்க்கும் காம்பு உண்டாம், யாருக்குத் தெரியும், ஆனால் கடுகு மாதிரி இருக்கவேண்டியது குட்டி போட்ட நாய்க்குப்போல வீங்கிக் கிடந்தது. துரையோ என் வெட்டுமேசைக்கு அடியில் மல்லாந்து படுப்பவன், துணி கொடுக்க வருகிறவர்களெல்லாம் பார்த்துவிட்டு, “டெய்லரே, எத்தனை குட்டி? எனக்கொண்ணு எடுத்து வைங்க” என்று ஒரே கேலி. மானம் போகிறதே என்று மிச்சத்துணியில் அவனுக்கு ஒரு பனியன் தைத்து மாட்டினேன். அளவு கச்சிதம், ஆனால் தையல் உரசி வீங்கியது புண்ணாகவும் ஆகிவிட்டது. அதற்கு உன் அம்மா என்னைத் திட்டியதை எழுதத் தாள் போதாது.

நாய் டாக்டரம்மாவிடம் தூக்கிப்போனோம். துரைக்கு ஒரு விதை கீழே இறங்காமல் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்டதாம், அதில் கட்டி வந்தாலும் காம்பு வீங்குமாம், திறந்து பார்க்கவேண்டும், ஆனால் அவன் இதயம் பலவீனம், மயக்கம் கொடுத்தால் எழுந்திருப்பான் என்று சொல்லமுடியாது என்றார். வீட்டில் யாராவது ஹார்மோன் ஜெல் தடவுகிறீர்களா, நாய் அதை நக்கினாலும் இப்படி வரும் என்றும் கேட்டார். நான்தான் அவசரக்குடுக்கையாச்சே, “எங்க வீட்ல சோப்பைத் தவிர ஒண்ணும் கிடையாது” என்று அடித்துச் சொன்னேன். உன் அம்மா கைப்பை வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள். ஆபரேஷன் அன்று அவனை மேசையில் படுக்கவைத்து ஊசியையும் எடுத்தாகிவிட்டது, அப்போதுதான் உன் அம்மா ஓடிவந்து அவன்மேல் கையை வைத்துக்கொண்டு, “நிறுத்துங்க, நான்தான் தடவுறேன்” என்று அழுதாள்.

தீட்டு நின்றதிலிருந்து உடம்பெல்லாம் கொதிக்கிறதாம், தூக்கமே இல்லையாம், அதற்கு டாக்டர் கொடுத்த ஜெல்லாம். முன்கையில் தடவிக்கொண்டு துரை பக்கத்தில் உட்காருவாளாம், அவன் நக்கோ நக்கென்று நக்குவானாம். இதெல்லாம் உனக்குத் தெரியுமாம்! “அப்பாகிட்ட சொல்லிடாதே” என்றாளாம், நீயும் சரி என்றாயாம். நன்றாயிருக்கிறது தாயும் மகளும் செய்கிற காரியம். என்னிடம் ஏன் மறைத்தாய் என்று அவளைக் கேட்டால் வெட்கமாம். தெருவில் பாதிப் பெண்களுக்கு அளவெடுக்கிறவன் நான், என்னிடம் என்ன வெட்கம்?

ஆபரேஷனைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். நக்காமல் பார்த்துக்கொண்டால் வீக்கம் வடியவேண்டும், வடியாவிட்டால் மறுபடி யோசிப்போம் என்றார் டாக்டரம்மா. துரைக்காக ஜெல்லையே குப்பையில் போடப் போனாள் உன் அம்மா, நான்தான் பிடுங்கி வைத்தேன். மணிக்கட்டுவரை மூடுகிற மாதிரி அவளுக்கு ஒரு முழுக்கைச் சட்டை தைத்தேன். அவள் அளவு எனக்கு மனப்பாடம், டேப்பைத் தொடவே இல்லை. போட்டுப் பார்த்தால் சட்டைக்குள் கை தொளதொளவென்று ஆடுகிறது. தினமும் எதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன், எப்போது இப்படி இளைத்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. டேப்பை எடுத்து முதலிலிருந்து அளந்தேன். கோபம் கோபமாக வந்தது, யார்மேல் என்றுதான் புரியவில்லை.

துரை பனியன் இல்லாமல் மல்லாந்து கிடக்கிறான், வீக்கம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது. நீ நோய்நொடி இல்லாமல் நீண்டநாள் நன்றாக இரு அம்மா. உடம்புக்கு ஏதாவது என்றால் அம்மாவிடம் மட்டும் சொல்லாதே, எனக்கும் சொல். உனக்கும் சட்டைத்துணி எடுத்து வைத்திருக்கிறேன், மறக்காமல் உன் அளவை எடுத்து அனுப்பு. மனப்பாடத்தை நம்பி இனி யாருக்கும் தைக்கமாட்டேன்.

கோபத்தோடும் ஆசியோடும்,
உன் அப்பா