சிரிப்புச் சத்தம்

என் செல்லத்துக்கு,

நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

அப்பா போனபிறகு வாயே திறக்காமல் கிடந்த நான், இப்போது நிக்டி பூங்காவில் லாஃப்டர் கிளப்பில் சேர்ந்திருக்கிறேன். காலையில் எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு சத்தமாகச் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் பாதியிலேயே நின்றுவிடும்.

நேற்று வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்துப் பழகினேன். எதிர்வீட்டு ஜோஷி காக்கு மணியடித்தாள்.

"பொண்ணு வந்திருக்காளா? இந்த வீட்டுல சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாளாச்சு!"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. தலையாட்டிவிட்டேன். நீ தூங்குவதாகக்கூடச் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு உனக்காகப் பூரண் போளி செய்து கொண்டுவருகிறாளாம். மும்பையிலிருந்து புனே ஒன்றும் தூரமில்லை. வாயேன். தனியாக வராதே, மாப்பிள்ளையையும் அழைத்து வா.

ஆமாம், இத்தனை நாள் அவர் பெயரைக்கூடச் சொல்லாத நான், மாப்பிள்ளை என்றுதான் எழுதியிருக்கிறேன்.

அம்மா