ஐரினுக்கு எம்ஆர்ஐ எடுத்த நாள்

காக்ஸ் டவுன்,
பெங்களூர்.

அன்பு மகள் ஜூலியாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் தயவில் நானும் அப்பாவும் நலம், நீயும் மாப்பிள்ளை க்ளெனும் அந்தக் குளிர் தேசத்தில் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். உன் தங்கை ஐரின் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன் என்றுதான் அவள் கட்டிலருகே உட்கார்ந்து எழுதுகிறேன்.

அடிவயிற்று வலியும் காய்ச்சலுமாய்ச் சேர்த்தோம். வயிற்று ஸ்கேனில் சினைப்பை அருகே ஏதோ உருண்டையாய்த் தெரிகிறது, புற்றுக்கட்டியாகவும் இருக்கலாம், திறந்து பார்த்தால்தான் தெரியும், கர்ப்பப்பையையும் எடுக்க நேரலாம் என்று சர்ஜன் சொன்னார். இன்னும் ஒரு பிள்ளை பெறாதவள். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெண்கள் டாக்டர் காந்தாதான், காய்ச்சல் இருப்பதால் இது புற்றுதானா என்று எனக்குச் சந்தேகம், எம்ஆர்ஐ பார்க்காமல் கத்தி வைக்க வேண்டாம் என்று தடுத்தார். என்னையும் நகை கழற்றச் சொல்லி உள்ளே விட்டார்கள். அந்தக் குழாய்க்குள் அசையக்கூடாதாம், இவளுக்கோ குளிர்ஜுரத்தில் உடம்பு தூக்கிப் போடுகிறது. முதலில் எடுத்த படம் கலங்கிப்போய் மறுபடி எடுத்தார்கள். மெஷின் இடிக்கிற சத்தத்தில் நான் ஜெபித்தது எனக்கே கேட்கவில்லை, அவள் பாதத்தைப் பிடித்தபடி நின்றேன்.

படத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் காந்தா, "இது புற்று இல்லம்மா, கருக்குழாய்ல கிருமி தொத்திச் சீழ் கட்டியிருக்கு. கர்ப்பப்பைய எடுக்க வேணாம்" என்றார். ஆனால் உடனே சின்ன மாப்பிள்ளை டிரேவரின் அம்மா, இந்தக் கிருமி எங்கிருந்து வந்தது என்று எல்லார் முன்னும் ஐரினைக் கேட்டார். பல வழியில் வரும், யாரையும் குற்றம் சொல்ல முடியாது, புருஷனையும் சோதிக்க வேண்டும் என்றார் டாக்டர். டிரேவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, "எனக்கும் எடுங்க டாக்டர். அவள மட்டும் ஏன் கேக்கணும்" என்றான். அப்போதுதான் ஐரின் அழுதாள், அதுவரை ஒரு சொட்டு விடவில்லை.

ஊசி வழியாகச் சீழை எடுத்துவிட்டார்கள், மருந்து ஏறுகிறது. இன்று காய்ச்சல் இறங்கிக் கஞ்சி குடித்தாள். பிள்ளை பிறக்குமா என்று கேட்டதற்கு, இப்போதைக்குச் சொல்ல முடியாது, நம்பிக்கை இருக்கிறது என்கிறார் டாக்டர்.

உங்கள் இருவரையும் ஆண்டவர் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். ஒன்று மறக்காதே. போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீயும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், கேட்டதற்கு வாயு என்றாய். ஐரினும் முதலில் அதைத்தான் சொன்னாள். இந்த வாரமே டாக்டரிடம் போ, போய்விட்டு எனக்குச் சொல்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா பியாட்ரிஸ்